மணித்தியாலக் கணக்கும் விமானியின் தகுதியும்

அமெரிக்காவில் பயணிகள் விமானமொன்றில் துணை விமானியாக உட்கார வேண்டுமென்றால் பொதுவாக 1,500 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். இலங்கையிலும் இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் அந்தக் கட்டாயம் இல்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி 200 மணித்தியாலம் பறந்தவர் வணிக விமானி உரிமம் பெறலாம்; அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிநெறி வழியே வந்தவருக்கு 150 போதும். அதன்மேல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதியையும் குறிப்பிட்ட விமான வகைக்கான பயிற்சியையும் முடித்தால் அவரும் அதே ஆசனத்தில் உட்காரலாம். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வரும் ஏ.டி.ஆர். விமானத்தில் வலப்பக்கம் இருக்கும் இளைஞர், அமெரிக்காவில் அதே வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாதவராக இருக்கக்கூடும்.

இந்த இரண்டு அளவுகோல்களில் எது பயணியைக் காப்பாற்றுகிறது என்ற வாதம் பதினைந்து வருடமாக நடக்கிறது. அதை அமெரிக்கர்களின் வீட்டுச் சண்டை என்று ஒதுக்க முடியாது. 2019 நவம்பரில் அலையன்ஸ் எயாரும் 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே சிறிய டேர்போபுரொப் விமானங்களை ஓட்டத் தொடங்கின. அதற்குப் பிறகு, பிராந்திய விமானச் சேவை தன் விமானியை எப்படித் தெரிவுசெய்கிறது என்பது நம் சொந்தக்காரர்களின் உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம். எவரை விமானியாக ஏற்பது என்று எழுதும் விதியே எவரை வாசலில் நிறுத்துவது என்பதையும் தீர்மானிக்கிறது. சப்ரகமுவவில் ஓப்பநாயக்கவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பார்க்கிற எனக்கு இந்த இரண்டாவது பக்கமும் முக்கியம். ஆனாலும் முதலில் பாதுகாப்பையே பார்க்க வேண்டும். அதில் தோற்கிற விதிக்கு வேறு எந்த நியாயமும் உதவாது.

2009 பெப்ரவரி 12 ஆம் திகதி இரவு நியூவர்க்கிலிருந்து பஃபலோவுக்குப் போன கோல்கன் எயார் 3407 இலக்க விமானத்தில்தான் எல்லாம் தொடங்குகிறது. பயணிகள் வாங்கியது கொன்டினென்டல் என்ற பெரிய நிறுவனத்தின் டிக்கெட். ஓட்டியது அதன் பெயரில் பறந்த கோல்கன் என்ற சின்ன நிறுவனம். விமானம் பொம்பார்டியர் கியூ-400 டேர்போபுரொப். தரையிறங்க ஆயத்தமாகச் சக்கரங்களையும் இறக்கையின் பின்னோரத் தட்டான ஃபிளாப்பையும் இறக்கியபோது வேகம் குறைந்துகொண்டே போனது. கண்ணெதிரே இருந்த வேகமானியை இருவருமே கவனிக்கவில்லை. இறக்கை தாங்கக்கூடிய எல்லையை நெருங்கியதும் ஸ்டிக் ஷேக்கர் என்ற எச்சரிக்கைக் கருவி இயங்க, கட்டுப்பாட்டுத் தண்டு கப்டனின் கையில் கடகடவென்று நடுங்கியது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியதைப் பறக்கப் பழகும் எவருக்கும் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள்: மூக்கைத் தாழ்த்து, எஞ்சின் வலுவைக் கூட்டு. கப்டன் தண்டைத் தன் பக்கம் இழுத்தார். மூக்கு மேலெழுந்தது, வேகம் இன்னும் குறைந்தது. விமானம் தானாகவே மூக்கைக் கீழே தள்ளியபோதும் அதை எதிர்த்து இழுத்தார். துணை விமானி, யாரும் சொல்லாமலே ஃபிளாப்பை மேலே எடுத்தார். கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின்மேல் விமானம் விழுந்ததில், அதிலிருந்த 49 பேரும் வீட்டிலிருந்த ஒருவரும் இறந்தார்கள்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணையில் வெளிவந்த விவரங்களைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. கப்டன் தன் முந்தைய சோதனைப் பறப்புகள் சிலவற்றில் தவறியவர். அவை எல்லாவற்றையும் வேலை விண்ணப்பத்தில் சொல்லியிருக்கவில்லை. துணை விமானிக்கு வயது 24. சியாட்டிலில் பெற்றோரோடு இருந்தவர், வேலைக்கு வருவதற்காக முதல்நாள் இரவு முழுக்கச் சரக்கு விமானங்களில் ஏறி நாட்டைக் குறுக்கே கடந்து நியூவர்க்குக்கு வந்திருந்தார். நல்ல தூக்கம் இருவருக்கும் இல்லை. துணை விமானியின் ஆண்டு வருமானம் 16,000 டொலர் அளவில் என்று விசாரணையில் பேசப்பட்டபோது, விமானி என்றால் பெரிய சம்பளம் என்று நினைத்திருந்த அமெரிக்கர்கள் திகைத்துப்போனார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கப்டன் பறந்திருந்தது 3,379 மணித்தியாலம். துணை விமானி 2,244. இருவருமே 1,500 ஐத் தாண்டியவர்கள். இந்த விபத்தைக் காரணமாகக் காட்டி 2010 ஓகஸ்டில் சட்டம் வந்தது, 2013 இல் 1,500 மணித்தியால விதி நடைமுறையானது. பல்கலைக்கழகத்தில் விமானவியல் படித்தவருக்கு 1,000, இராணுவ விமானிக்கு 750 என்று சலுகைகளும் வந்தன. அந்த விதி 2009 இல் இருந்திருந்தாலும் அந்த இரவு அந்த இருவரும் அதே ஆசனங்களில்தான் இருந்திருப்பார்கள்.

இறந்தவர்களின் குடும்பத்தினர் அந்தச் சட்டத்துக்காக வருடக்கணக்கில் வொஷிங்டனுக்கு அலைந்தவர்கள். இன்றும் அந்த விதியில் கைவைக்க வேண்டாம் என்று நிற்பவர்களும் அவர்களே. அவர்களுடைய போராட்டத்தில் எனக்கு மரியாதை உண்டு. அவர்கள் கேட்டது பல விஷயங்கள்: ஓய்வு நேர விதி, பயிற்சிச் சீர்திருத்தம், விமானியின் பழைய பதிவுகளை வேலைகொடுப்பவர் பார்க்கும் வசதி. எண்ணிப் பார்க்க எளிதான மணித்தியாலம் மட்டும் எல்லோர் வாயிலும் நின்றது. மூன்றே வருடத்தில் மணித்தியால விதி வந்துவிட்டது. அதே சட்டம் கட்டளையிட்ட விமானிப் பதிவுத் தரவுத்தளத்துக்கான இறுதி விதி வர 2021 ஆகிவிட்டது.

அந்தத் தாமதத்துக்கு விலை கொடுக்கப்பட்டது. 2019 பெப்ரவரி 23 இல் டெக்சஸில் ஹூஸ்டனை நெருங்கிய அட்லஸ் எயார் சரக்கு விமானத்தின் துணை விமானி 5,000 மணித்தியாலத்துக்கு மேல் பறந்தவர். முன்பு வேலைசெய்த நிறுவனங்களில் பயிற்சியில் திரும்பத் திரும்பத் தவறியதை மறைத்து வேலையில் சேர்ந்தவர். தானியங்கி அமைப்பு தற்செயலாக மாறியபோது கலங்கிப்போய் விமானத்தைக் கீழ்நோக்கிச் செலுத்தினார், மூவர் இறந்தார்கள். பதிவுத் தரவுத்தளம் உரிய காலத்தில் செயற்படாததையும் விசாரணைச் சபை காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. என் தீர்ப்பின் பாதி இந்த ஒரு விபத்திலேயே இருக்கிறது. 1,500 இன் மும்மடங்கைத் தாண்டிய அனுபவம் காப்பாற்றவில்லை. ஒரு பழைய கோப்பைத் திறந்து பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கும்.

பிராந்தியச் சேவைகளிலேயே இன்னும் இரண்டு உதாரணங்கள் உண்டு. 2015 பெப்ரவரி 4 இல் தாய்ப்பேயில் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏ.டி.ஆர். விமானத்தில் ஒரு எஞ்சின் வலுவிழந்தபோது, கப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மற்ற எஞ்சினை நிறுத்திவிட்டார். 43 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 4,900 மணித்தியாலம் பறந்திருந்த அவர், கப்டன் பதவி உயர்வுச் சோதனையில் முதல் தடவை தவறியவர். அவசர நிலைகளில் பதறுகிறார் என்ற குறிப்பு பயிற்றுநர்களிடமிருந்து வந்திருந்தது. 2023 ஜனவரி 15 இல் பொக்காராவில் விழுந்த யெட்டி எயார்லைன்ஸின் ஏ.டி.ஆர். விமானத்தில் 72 பேரும் போனார்கள். ஃபிளாப்பை இறக்க நீட்டிய கை, பக்கத்திலிருந்த வேறு நெம்புகோல்களைப் பின்னுக்கு இழுத்துவிட்டது. இரண்டு சுழலிகளும் இழுவிசை தராத நிலைக்குத் திரும்பின. எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க விமானம் விழுந்தது. அந்தக் கை 21,000 மணித்தியாலத்துக்கு மேல் பறந்த பயிற்றுநர் கப்டனுடையது.

மணித்தியால விதியை ஆதரிப்பவர்கள் கையிலெடுக்கும் பெரிய சீட்டு எத்தியோப்பியன் எயார்லைன்ஸ் 302. 2019 மார்ச் 10 இல் விழுந்த அந்த போயிங் 737 மெக்ஸ் விமானத்தின் துணை விமானி பறந்திருந்தது 361 மணித்தியாலம் மட்டுமே. இப்படிப்பட்டவரை உட்கார வைத்தால் என்ன நடக்கும் என்று அப்போது பலர் எழுதினார்கள். ஆனால் அதற்கு நான்கு மாதத்துக்கும் முன்பே, 2018 ஒக்டோபர் 29 இல், அதே வகை விமானம் அதே மென்பொருளின் பிழையால் ஜகார்த்தாவுக்கு வெளியே கடலில் விழுந்தது. அந்த லயன் எயார் விமானத்தின் கப்டன் 6,000 மணித்தியாலத்துக்கும் துணை விமானி 5,000 மணித்தியாலத்துக்கும் மேல் பறந்தவர்கள். ஒரே கோளாறு, ஒரே வகை விமானம், துணை விமானிகளின் அனுபவத்தில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம், முடிவு ஒன்றே. இதைவிடத் தெளிவான ஒப்பீடு விமானத் துறையில் அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

மணித்தியாலத்தைவிடக் கருவியும் பயிற்சியுமே காப்பாற்றும் என்பதற்கு நம் மலைகளும் சாட்சி. 1974 டிசெம்பர் 4 இரவு, ஹஜ் யாத்திரைக்குப் போன இந்தோனேசியர்களை ஏற்றிவந்த மார்ட்டின்எயார் டீ.சி.-8 விமானம் நோர்ட்டன் பிரிஜ் பக்கம் ஏழு கன்னியர் மலையில் மோதியது. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கட்டுநாயக்கவுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதை விமானக் குழு பிழையாகக் கணித்து, மலை இருக்கும் இடத்திலேயே கீழிறங்கியதுதான் காரணம். தோட்டப்புறத்து முதியவர்கள் இன்றும் பேசுகிற விபத்து அது. அதே வாரம் வொஷிங்டனுக்கு அருகேயும் ஒரு விமானம் மலையில் மோதியது. தரையை நெருங்கினால் எச்சரிக்கும் கருவியை அமெரிக்கா கட்டாயமாக்கியது அந்தக் காலத்தில்தான். அப்படி மலையில் மோதி இறந்தவர்களின் எண்ணிக்கையைக் குறைத்தது அந்தக் கருவியும் அதற்கேற்ற பயிற்சியும்.

எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதத்தையும் நேர்மையாக எடைபோட வேண்டும். கோல்கன் விபத்துக்குப் பிறகு 2025 ஜனவரி வரை அமெரிக்காவில் பயணிகள் விமானமொன்று விழுந்து பெருந்தொகையினர் இறக்கவில்லை. 2025 ஜனவரி 29 இல் வொஷிங்டனில் 67 பேர் இறந்தது இராணுவ ஹெலிகொப்டரோடு நடந்த மோதலில். விமானிகளின் மணித்தியாலத்தை அதற்குள் இழுக்க முடியாது. ஏறத்தாழ பதினாறு வருடம் என்பது சின்னச் சாதனை இல்லை. விதி வந்தது, விபத்து நின்றது, வேறென்ன வேண்டும் என்கிறார்கள்.

ஆனால் அந்தக் காலத்தில் வந்தது ஒரு விதி மட்டும் இல்லை. 2014 இல் விமானிகளின் ஓய்வு நேரத்துக்கான புதிய விதிகள் வந்தன. விமானம் தூக்குவிசை இழக்கும் நிலையிலிருந்து மீள்வதை முழு அளவுச் சிமியுலேட்டரில் பழக்குவது கட்டாயமானது. ஒவ்வொரு பறப்பின் தரவையும் ஆராய்ந்து தவறு பெரிதாகுமுன் பிடிக்கும் முறை பரவியது. இத்தனை மருந்தும் ஒன்றாகக் குடித்தவர் குணமானதற்கு ஒரு மாத்திரைக்கு மட்டும் பெயர் கொடுக்க முடியாது. மறுபக்கம், ரயன்எயாரும் ஈசிஜெட்டும் 200 மணித்தியாலம் அளவில் பறந்தவர்களைப் பெருமளவில் சேர்த்துவருகின்றன; அவற்றின் விமானம் விழுந்து ஒரு பயணியும் இறந்ததில்லை. 2006 இல் தொடங்கிய இண்டிகோவுக்கும் அதே பதிவு. ஐரோப்பாவில் 2015 மார்ச் 24 இல் ஜெர்மன்விங்ஸ் விமானத்தைத் துணை விமானி வேண்டுமென்றே மலையில் மோதினார். அவர் மறைத்தது தன் மனநோயை. உரிமம் பறிபோகும் என்ற பயத்தில் விமானிகள் வைத்தியரிடம் உண்மையைச் சொல்லாத நிலை ஒரு பெரிய ஓட்டை. அதை எந்த மணித்தியாலமும் அடைக்காது.

1,500 மணித்தியாலம் எப்படிச் சேர்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். உரிமம் பெற்ற அமெரிக்க இளைஞர் பெரும்பாலும் பறப்புப் பள்ளியில் பயிற்றுநராகிறார். செஸ்னாவில் மாணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நல்ல வானிலையில், ஒரே ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி மணித்தியாலம் சேர்க்கிறார். சிலர் கடற்கரையில் விளம்பரப் பதாகை இழுக்கிறார்கள். பயிற்றுவிப்பதில் ஒரு படிப்பு இருக்கிறது என்பதை ஏற்கிறேன். மாணவன் செய்யப்போகும் தவறை முன்கூட்டியே பார்க்கும் கண் அதில் வரும். ஆனால் இரண்டு எஞ்சின், இரண்டு விமானி, மேகத்துக்குள் பனி படிகிற இறக்கை, இவற்றில் எதுவும் அங்கே இல்லை. இன்னொரு ஆபத்தும் உண்டு. எண்ணிக்கையே வாசலானால் எண்ணிக்கையைப் பொய்யாக்கும் ஆசை வரும். பறக்காமல் பேனாவால் எழுதிச் சேர்த்த மணித்தியாலத்தைப் பார்க்கர் பேனாக் கணக்கு என்று விமானிகள் ஏளனமாகச் சொல்வார்கள். இந்தியாவில் 2011 இல் போலி மதிப்பெண் பத்திரங்களும் பொய்ப் பறப்புப் பதிவுகளும் பிடிபட்டு விமானிகள் கைதானார்கள். பாகிஸ்தானில் 2020 ஜூனில் 262 விமானிகளின் உரிமங்கள் சந்தேகத்துக்குரியவை என்று அமைச்சரே பாராளுமன்றத்தில் சொன்னார். ஐரோப்பா அந்நாட்டுத் தேசிய விமானச் சேவையைத் தடைசெய்தது. சோதிக்கும் அமைப்பு உறுதியாக இல்லாத நாட்டில் எண்ணிக்கையைக் கூட்டுவது பேனாவுக்கு வேலை கொடுப்பதாகவே முடியும்.

ஒரு நன்மையை மறுக்க மாட்டேன். 2013 க்கு முன் அமெரிக்கப் பிராந்திய நிறுவனங்கள் 250 மணித்தியாலக்காரரைக் குறைந்த கூலிக்கு எடுத்துப் பிழைத்தன. விதி வந்து ஆள் கிடைக்காமல் போனதும் சம்பளம் ஏறியது. அமெரிக்கன் எயார்லைன்ஸ் குழுமத்தின் பிராந்திய நிறுவனங்கள் 2022 இல், தற்காலிக மேலதிகத்தையும் சேர்த்து, புதிய துணை விமானிக்கு மணிக்கு 90 டொலர் கொடுக்க முன்வந்தன. பசியோடும் தூக்கமின்றியும் வேலைக்கு வருகிறவர்கள் குறைந்தால் அது பாதுகாப்புக்கும் நல்லது. ஆனால் அந்த நன்மையைச் சம்பளச் சட்டமும் ஓய்வு விதியும் நேராகவே தந்திருக்கலாம். அதற்காக ஓர் இளைஞனை இரண்டு வருடம் பதாகை இழுக்க வைக்க வேண்டியதில்லை.

அதே 2013 விதியில் அதிகம் பேசப்படாத ஒரு வரி இருக்கிறது. கப்டனாக உயர்வதற்கு முன் விமானச் சேவை நிறுவனத்தின் பறப்பிலேயே 1,000 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். அந்த விதியில் மிகச் சிறந்த பகுதி இதுதான் என்பது என் மதிப்பீடு. துணை விமானியின் ஆசனத்துக்கு வேண்டியது சரியான பழக்கம். அதைச் சிமியுலேட்டரில் உருவாக்கலாம், சோதிக்கலாம். கப்டனின் ஆசனத்துக்கு வேண்டியது முடிவெடுக்கும் பக்குவம். ஏப்ரல் மாதத்து மாலை இடிமழை கட்டுநாயக்கவை மூடும்போது காத்திருப்பதா மத்தளவுக்குத் திரும்புவதா, எரிபொருள் எவ்வளவு, பின்னாலிருந்து வரும் அவசரம் எவ்வளவு என்பதையெல்லாம் பருவங்களைப் பார்த்துத்தான் பழக வேண்டும். மணித்தியாலத்துக்கு அங்கே மதிப்பு உண்டு, அதுவும் அதே வகைப் பறப்பில் சேர்ந்த மணித்தியாலத்துக்கு.

பிராந்தியச் சேவையின் தீராத நோய் இங்கேதான் இருக்கிறது. அதை எல்லோரும் ஏணியின் முதற்படியாகப் பார்க்கிறார்கள். பெரிய நிறுவனம் ஆள் எடுக்கத் தொடங்கியதும் அனுபவசாலிகள் போய்விடுகிறார்கள். நேற்றுவரை துணை விமானியாக இருந்தவர் இன்று கப்டன், அவருக்குப் பக்கத்தில் போன மாதம் வந்தவர். புதியவரோடு புதியவரைச் சேர்த்து அனுப்பும் இந்தச் சோடிதான் பிராந்தியப் பறப்பின் உண்மையான ஆபத்து. இந்தியா 2017 இல் கப்டன்களுக்கு ஒரு வருட முன்னறிவித்தலைக் கட்டாயமாக்கியது, துணை விமானிகளுக்கு ஆறு மாதம். கட்டி வைத்தால் போக மாட்டார்கள் என்ற எண்ணம் அது. இலங்கையில் 2022 இல் ரூபா சரிந்து ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்குப் போனபோது, விமானிகள் பலர் வளைகுடாவுக்குப் போனார்கள். பிணைப் பத்திரங்களால் அவர்களை நிறுத்த முடியவில்லை. போகிறவரைத் தடுப்பதைவிட, இருப்பவர்களை எப்படிச் சோடி சேர்க்கிறோம் என்பதைச் சட்டத்தால் கட்டுவதே பயணிக்கு உதவும். பதவி உயர்வைச் சேவை மூப்புப் பட்டியலே தீர்மானிப்பது அரசியல் சிபாரிசுக்கு அணையாக நிற்கிறது என்பதால் அதை நான் கைவிடச் சொல்ல மாட்டேன். மூப்பு வரிசையில் அழைக்கட்டும். சோதனையில் தேறியவரை மட்டும் உயர்த்தட்டும். தவறியவரின் பதிவு அவரோடு போகட்டும்.

இனி இந்த வாசலின் மறுபக்கம். ஓப்பநாயக்கப் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்த ஒரு தகப்பன் மகனின் உயர்தரப் பெறுபேற்றோடு வந்து, “சேர், மகன் பைலட் ஆகணும்னு நிக்கிறான். எவ்வளவு முடியும்?” என்று கேட்டார். அவருக்கு நான் போட்டுக்காட்டிய கணக்கு இது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபா. மாதம் 25 நாள் வேலை கிடைத்தால் 33,750 ரூபா. ஒரு கோடி ரூபா வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தாலும் ஏறத்தாழ 25 வருடம். ரத்மலானையில் 200 மணித்தியாலம் பறந்து உரிமம் எடுக்கும் செலவு இன்று கோடிக் கணக்கில்தான் பேசப்படுகிறது; அதன்மேல் எயார்பஸ் போன்ற விமான வகைக்கான பயிற்சிக்கு டொலரில் கட்ட வேண்டும். அவர் கணக்கைப் பார்த்துவிட்டு, “அப்ப வேற ஏதாவது படிக்கச் சொல்றேன் சேர்” என்றார்.

200 மணித்தியாலத்துக்கே இந்த நிலை. 1,500 என்றால்? அமெரிக்காவில் பயிற்றுநர் வேலை ஆயிரக்கணக்கில் கிடைக்கிறது. இலங்கையில் ஒரு சில பறப்புப் பள்ளிகள், காசல்ரீ நீர்த்தேக்கத்தில் உல்லாசப் பயணிகளை இறக்கும் சினமன் எயாரின் கரவான் விமானங்கள், இன்னும் சில. இங்கே அந்த விதியைக் கொண்டுவந்தால் மீதி 1,300 மணித்தியாலத்தை வெளிநாட்டில் காசு கொடுத்து வாங்கக்கூடியவர் மட்டுமே விமானியாவார். பாதுகாப்பைக் கூட்டாத ஒன்றை வாங்குவதற்கு நாட்டின் திறமையில் பெரும்பகுதியை வெளியே நிறுத்துவதாக அது முடியும்.

ஆகவே இலங்கைக்கு 1,500 மணித்தியால நுழைவு விதி வேண்டாம் என்பது என் தீர்ப்பு. ஆனால் இன்றிருக்கும் நிலையும் போதாது. 200 மணித்தியாலத்தோடு ஆளை எடுக்கும் நாடு, அந்தக் குறைவை ஈடுசெய்யும் சோதனையைக் கடுமையாக்கக் கடமைப்பட்டிருக்கிறது. தூக்குவிசை இழப்பிலிருந்து மீளும் பயிற்சி, தவறான எஞ்சினை நிறுத்தாமலிருக்கும் ஒழுங்கு, கப்டன் பிழைசெய்யும்போது வாயைத் திறந்து தடுக்கும் துணிவு ஆகிய மூன்றையும் சிமியுலேட்டரில் நேரடியாகச் சோதிக்க வேண்டும். இந்த மூன்றாவது நம் சமூகங்களுக்குக் கஷ்டமானது. பெரியவரை எதிர்த்துப் பேசாதே என்று வளர்த்த பிள்ளை, 20,000 மணித்தியாலம் பறந்தவரைப் பார்த்து ‘சேர், கை வேறு நெம்புகோலில் இருக்கிறது’ என்று சொல்லப் பழக வேண்டும். பொக்காராவில் அந்த ஒரு வசனம் 72 உயிர்.

ஒவ்வொரு சோதனைத் தோல்வியும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் பதிவில் இருக்க வேண்டும்; அடுத்து வேலைகொடுப்பவர் அதைப் பார்க்காமல் நியமிக்கக்கூடாது. ஒரு தோல்வி ஒருவரின் வாழ்க்கையை முடிக்கக்கூடாது, மூன்றாவது தோல்வியை யாரும் மறைக்கவும் முடியக்கூடாது. விமான வகையில் இருவரும் புதியவர்களாக இருக்கும் சோடியைப் பறக்க விடுவதைச் சட்டம் தடுக்க வேண்டும். மனச்சோர்வுக்கு வைத்தியரிடம் போன விமானி, சம்பளத்தோடு விடுப்பு எடுத்துத் திரும்பும் வழி வேண்டும்.

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. பிரிட்டிஷ் எயார்வேஸ் 2023 இல் தொடங்கிய திட்டத்தில், தெரிவானவருக்கு 100,000 பவுண் வரையான பயிற்சிச் செலவை நிறுவனமே ஏற்கிறது. லாபம் தேடும் நிறுவனமே, காசுள்ளவர்களுக்குள் மட்டும் தேடினால் நல்ல விமானி கிடைப்பது குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறது. நம் நாட்டின் பெரிய விமானச் சேவை அரசின் சொத்து. அதன் நட்டத்தைத் தேயிலை கிள்ளுகிறவரின் வரியும் சேர்ந்தே தாங்குகிறது. வருடத்துக்குப் பத்துப் பேரைப் பரீட்சையில் மட்டும் தெரிவுசெய்து, அரசு கடனில் பயிற்றுவித்து, வேலைசெய்யும் வருடங்களில் சம்பளத்திலிருந்து பிடித்துக்கொள்வது இந்த அரசால் முடியாத காரியம் இல்லை.

அந்தத் தெரிவுப் பரீட்சை கொழும்பில் மட்டும் நடக்கக்கூடாது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் ஹட்டனிலும் பதுளையிலும் நடக்க வேண்டும். வானொலியில் பேசும் ஆங்கிலத்துக்குச் சர்வதேச விதி நான்காம் நிலையைக் கேட்கிறது; அதில் ஒரு இம்மியும் தளர்த்தச் சொல்லவில்லை. ஆனால் கணிதத்திலும் பௌதிகத்திலும் கை-கண் ஒத்திசைவுச் சோதனையிலும் தேறிய பிள்ளையை ஆங்கிலத்துக்காக முதல் நாளே திருப்பி அனுப்பாமல், ஒரு வருடம் அந்த மொழியைப் படிப்பித்து மறுபடி சோதிக்க வேண்டும். சப்ரகமுவவின் தமிழ்ப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு இருப்பவையே குறைவு, இருப்பவற்றிலும் பௌதிக ஆசிரியர் வெற்றிடங்கள். கல்வித் திணைக்களம் அவற்றை நிரப்புவதும் விமானித் தெரிவின் ஒரு பகுதிதான். ஓப்பநாயக்கவில் அந்தப் பெறுபேற்றை வைத்துக்கொண்டிருந்த பையனுக்குப் பௌதிகத்தில் ‘பி’ சித்தி; தோட்டத்திலிருந்து பலாங்கொடைக்கு பஸ் ஏறிப்போய் டியூஷனில் படித்து எடுத்தது.